செவிக்கான எழுத்து: ‘தினத்தந்தி’ நாளிதழின் மதுரைத் தோற்றமும் அதன் உரைநடையும்

ஆய்வுச்சுருக்கம்

1942 நவம்பர் 1-ஆம் நாள் மதுரையில் சி. பா. ஆதித்தனாரால் தொடங்கப்பெற்ற ‘தந்தி’, பின்னர்த் ‘தினத்தந்தி’ என்னும் பெயரில் தமிழகத்தின் பெருவழக்கான நாளிதழாக வளர்ந்தது. இவ்விதழ் பேச்சுத் தமிழில் எழுதியதால் மக்களைச் சென்றடைந்தது என்பது இதழியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கருத்தாகும். அக்கருத்து பாதியளவே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம். சொல்வடிவத்தில் எழுத்துத் தமிழின் மரபைக் காத்து, சொற்றெரிவிலும் தொடரமைப்பிலும் உரக்கப் படிப்பதற்கு ஏற்ற நடையை அமைத்துக்கொண்டதே இவ்விதழ் செய்த மாற்றம். அம்மாற்றத்தை மதுரையின் சூழல், இதழின் பெயர், தொடரமைப்பு, வாசிப்பு முறை, விகுதிப் பயன்பாடு ஆகிய ஐந்து நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தினத்தந்தி, ஆதித்தனார், மதுரை, நாளிதழ் உரைநடை, இரட்டை வழக்கு, கூட்டு வாசிப்பு.

முன்னுரை

தமிழ் உரைநடையின் வரலாறு பெரும்பாலும் நூல்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. உரையாசிரியர்கள், கிறித்தவத் தொண்டர்கள், ஆறுமுக நாவலர், உ. வே. சாமிநாதையர், திரு. வி. க., மறைமலையடிகள், புனைகதையாளர்கள் என அவ்வரலாறு தொடர்கிறது. வி. செல்வநாயகத்தின் ‘தமிழ் உரைநடை வரலாறு’ 1957-இல் வெளிவந்த காலத்திலேயே, தமிழர் நாள்தோறும் மிகுதியாகப் படித்த உரைநடை நூலில் இல்லை, நாளிதழில்தான் இருந்தது. எனினும் நாளிதழ் இலக்கிய வரலாற்றில் இடம்பெறும்போதெல்லாம் அதன் ஆசிரியர் பெயரும் தொடங்கிய ஆண்டும் அரசியல் சார்பும் மட்டுமே பதிவாகின்றன. அதன் மொழி தனியாக ஆராயப்படுவது அரிது.

இதழ்களின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் தொகுத்தளித்த அ. மா. சாமியின் நூல் இத்துறைக்கு அடித்தளமாக உள்ளது. இந்திய மொழி நாளிதழ்களின் பரவலை ஆராய்ந்த ராபின் ஜெஃப்ரியின் நூல் (2000) தினத்தந்தியை அப்பரவலின் குறிப்பிடத்தக்க முன்னோடியாகக் காண்கிறது. பிரான்சிஸ் கோடி 2009-இல் வெளியிட்ட கட்டுரை, தினத்தந்தி, தினமலர் ஆகிய இரண்டையும் மொழிசார் மானிடவியல் நோக்கில் ஒப்பிட்டது. இவ்வாய்வுகள் தந்த வெளிச்சத்தில், தமிழ் இலக்கணக் கருவிகளைக்கொண்டு அந்நாளிதழின் நடையை அணுக இக்கட்டுரை முயல்கிறது.

மதுரையின் சூழல்

தமிழ் நாளிதழின் முதல் மையம் சென்னையே. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ 1899 முதல் நாளிதழாயிற்று. மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் 1904-இல் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதியார், அவ்வாண்டே அவ்விதழின் உதவியாசிரியராகச் சென்னை சென்றார். எழுத்தில் வாழ விரும்பிய ஒருவர் மதுரையை விட்டுச் சென்னைக்குச் செல்வதே அன்றைய இயல்பு என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்றாகும். 1934 செப்டம்பர் 11-ஆம் நாள் டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக்கொண்டு தோன்றிய ‘தினமணி’யும் சென்னையிலிருந்தே வெளிவந்தது.

சென்னைக்கும் மதுரைக்கும் இடையே இருப்புப்பாதைத் தொலைவு ஏறக்குறைய 500 கி.மீ. சென்னையில் அச்சான தாள் ஓரிரவுப் பயணத்திற்குப் பின்னரே மதுரையை அடையும். அங்கிருந்து சிற்றூர்களைச் சேர மேலும் காலம் ஆகும். அதற்குள் செய்தி பழையதாகிவிடும். 1875-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு வந்த இருப்புப்பாதை, திண்டுக்கல், சோழவந்தான், சமயநல்லூர் வழியாக நகரை அடைகிறது. அடுத்த ஆண்டில் அது தூத்துக்குடி வரை நீண்டது. 1910-களில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய பேருந்துப் போக்குவரத்து மதுரையைச் சுற்றுப்புற ஊர்களுடன் இணைத்தது. பரவை போன்ற வைகைக்கரைச் சிற்றூர்களும் நகரச் சந்தையும் அன்றாடம் கலந்து பழகிய சமவெளி இது. நூற்பாலைத் தொழிலாளர், சந்தை வணிகர், வண்டியோட்டுவோர் எனப் புதிய நகர மக்கள் உருவாகியிருந்தனர். 1939 ஜூலை 8-ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நிகழ்ந்த மீனாட்சியம்மன் கோயில் நுழைவு, பொதுவெளிக்கு உரியவர் யார் என்னும் வினாவை இந்நகரில் ஏற்கெனவே எழுப்பியிருந்தது.

இதே நகரில்தான் 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழ் புலவர்களுக்கான ஆய்வுக் களமாக விளங்கியது. நாற்பது ஆண்டு இடைவெளியில் மதுரை இரு வேறு தமிழ் அச்சுப் பண்பாடுகளை ஈன்றது என்பது கருதத்தக்கது: ஒன்று கற்றோர் கற்றோர்க்கு எழுதியது, மற்றொன்று கல்லாதார் காதிலும் விழ எழுதியது.

போர்க்காலத்தில் ஒரு நாளிதழ்

ஆதித்தனார் 1905-இல் திருச்செந்தூரை அடுத்த காயாமொழியில் பிறந்தவர். இலண்டனில் சட்டம் பயின்று, சிங்கப்பூரில் வழக்கறிஞராகப் பணியாற்றிப் போர்ச்சூழலில் தாயகம் திரும்பினார். இலண்டன் வாழ்க்கையில் அவர் கண்ட ‘டெய்லி மிரர்’ போன்ற வெகுமக்கள் நாளிதழ்கள் அவருக்கு முன்மாதிரியாயின என்பர்.

1942 தமிழகத்தில் செய்திக்கு இருந்த தேவை புலமைசார்ந்ததன்று, குடும்பம்சார்ந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து அகதிகள் நடந்தே வந்துகொண்டிருந்தனர். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளில் மலேயா, சிங்கப்பூர், பர்மா ஆகிய இடங்களுக்கு ஆள் அனுப்பிய குடும்பங்கள் பலவாகும். ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் வெடித்தது. இயக்கம் தொடங்கி மூன்று மாதம் நிறைவதற்குள் ‘தந்தி’ வெளிவந்தது.

செய்திக்குத் தேவை மிகுந்த அக்காலத்தில் தாளுக்கோ பெரும் பஞ்சம். அச்சுத்தாள் அன்று அயல்நாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டிய பொருள். இந்தியாவின் முதல் செய்தித்தாள் காகித ஆலையான நேபாநகர் ஆலை 1950-களின் நடுவில்தான் உற்பத்தியைத் தொடங்கியது. ஆதித்தனார் வைக்கோலைக் கூழாக்கிக் கையால் தாள் செய்து இதழை அச்சிட்டார் என்பது அவ்விதழின் வரலாற்றைக் கூறுவோர் தவறாது குறிப்பிடும் செய்தியாகும். இது ஒரு தொழில் முனைவோரின் மனவுறுதிக்குச் சான்றாக மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. நடையியல் நோக்கில் இதற்கு வேறொரு பொருளும் உண்டு. தாள் அரிதாகும்போது சொல்லும் அரிதாகவேண்டும். குறைந்த இடத்தில் நிறைந்த செய்தியைத் தரவேண்டிய நெருக்கடி, நீண்ட முன்னுரைகளுக்கும் அடைமொழிகளுக்கும் இடமளித்திராது. தினத்தந்தி நடையின் சுருக்கத்தைக் கொள்கையின் விளைவாகக் காண்போர் இப்பொருளியல் காரணத்தையும் உடன்வைத்துக் காணுதல் வேண்டும்.

பெயரின் இலக்கணம்

‘தந்தி’ என்னும் சொல் முதலில் யாழ், வீணை முதலிய கருவிகளின் நரம்பைக் குறித்தது. கம்பிவழிச் செய்தி இந்தியாவில் 1850-களில் பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்தபின், அக்கம்பியையும் அதன்வழி வந்த செய்தியையும் குறிப்பதாகப் பொருள் விரிந்தது. சிற்றூர் மக்களுக்குத் தந்தி என்பது பெரும்பாலும் சாவுச் செய்தி. தந்திச் சேவகரைக் கண்டாலே வீட்டார் கலங்கியதைப் பழைய தலைமுறையினர் நன்கறிவர். அவசரம், உண்மை, உணர்ச்சிக் கொந்தளிப்பு ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய பெயர் இது. எழுத்தறியாதவரும் அறிந்திருந்த ‘எழுத்து’ ஒன்று உண்டெனில் அது தந்தியே.

பின்னாளில் 1958-இல் ‘நாம் தமிழர்’ இயக்கத்தைத் தொடங்கியவர் ஆதித்தனார். ஆயினும் அவர் தம் இதழுக்குச் சூட்டிய பெயரில் தனித்தமிழ்ப் பற்று வெளிப்படவில்லை. ‘தினம்’, ‘தந்தி’ ஆகிய இரண்டுமே வடசொல்வழி வந்தவை. தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்த நால்வகைச் சொற்களுள் வடசொல்லும் ஒன்று. வடவெழுத்து நீங்கித் தமிழ் எழுத்தோடு இயைந்தால் அது செய்யுளுக்கும் உரியதாகும். ‘தினம் + தந்தி’ என்பது மகர ஈறு கெட்டு, வருமொழி வல்லினம் மிக்குத் ‘தினத்தந்தி’ ஆயிற்று. வேர் வடமொழி, புணர்ச்சி தமிழ், பொருள் புதிய தொழில்நுட்பம். சொல்லின் பிறப்பைவிட அதன் வழக்கைப் பெரிதாகக் கருதிய மொழிக்கொள்கை இப்பெயரிலேயே புலப்படுகிறது.

பேச்சுத் தமிழா?

பேச்சு வழக்கிலுள்ள தமிழைக் கொச்சை நீக்கி எழுதுக என்பது ஆதித்தனார் தம் செய்தியாளர்க்கு வகுத்த நெறியாகும். ஆய்வாளர் பலர் இந்நெறியின் முற்பகுதியை எடுத்துக்கொண்டு, பிற்பகுதியை விட்டுவிடுகின்றனர். ‘கொச்சை நீக்கி’ என்னும் நிபந்தனையே இங்குத் திறவுகோலாகும்.

சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் விளக்கிய இரட்டை வழக்கு நிலைக்குத் தமிழ் ஏற்ற சான்றாகும்: எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் சொல், விகுதி, ஒலி ஆகிய அனைத்திலும் வேறுபட்டு நிற்கின்றன. விளக்கத்திற்காகக் கட்டுரை அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். தீவிபத்து ஒன்றை மதுரைப் பகுதியினர் பேச்சில், “ராத்திரி தீப்புடிச்சிருச்சு, பத்து வீடு எரிஞ்சு போச்சு” என்பர். நாளிதழ் நடையில் அது, “நேற்று இரவு தீப்பிடித்தது. 10 வீடுகள் எரிந்தன” என அமையும். இரண்டாவதில் பேச்சுக்குரிய வடிவம் ஒன்றும் இல்லை. ‘பிடித்தது’ என்பதன் தகரம் சகரமாகவில்லை. எண்ணுப்பெயரை அடுத்துப் பேச்சில் வரும் ஒருமை (‘பத்து வீடு’) பன்மையாயிற்று. வினைமுற்றும் அப்பன்மையோடு இயைந்தது. நன்னூலைக் கையில் வைத்துத் திருத்துவோரும் குறைகாண இயலாத தொடர்கள் இவை.

எனில் மக்களுக்கு இது எளிதானது எவ்வாறு? மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, சொற்றெரிவு. ‘தீப்பிடித்தது’, ‘எரிந்தன’ என்பன பேச்சிலும் வேர்கொண்ட சொற்கள். விகுதியும் ஒலியுமே வேறு. ‘அக்கினிக்கு இரையாயின’ என்றோ ‘தீக்கிரையாகிச் சாம்பராயின’ என்றோ எழுதியிருப்பின் வேரும் வேறாயிருக்கும். இரண்டாவது, தொடரின் நீளம். ஒரு நிகழ்வுக்கு ஒரு வினைமுற்று. மூன்றாவது, பொதுமை. மதுரையின் ‘எரிஞ்சு போச்சு’ நாகர்கோவிலிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் வேறு வேறு வடிவம் கொள்ளும். வட்டார வழக்கில் எழுதும் நாளிதழ் அவ்வட்டாரத்தைத் தாண்ட இயலாது. கொச்சையை நீக்கியதாலேயே மதுரையில் பிறந்த இதழ் பிற பகுதிகளுக்கும் உரியதாயிற்று. ‘வட்டார நாளிதழ்’ என்னும் தொடக்கமும் மாநிலம் தழுவிய பரவலும் முரண்படாமல் இயைந்ததற்கு இவ்விலக்கண முடிவு ஒரு காரணமாகும்.

இம்மாற்றம் அனைத்தும் ஒரே இதழின் ஆக்கம் எனக் கொள்ளலாகாது. தினமணி தன் தொடக்கக் காலத்திலேயே எளிய நடையை நாடியது. புதுமைப்பித்தன் போன்றோர் அவ்விதழில் பணியாற்றினர். ‘அக்கிராசனர்’ தலைவராகவும், ‘காரியதரிசி’ செயலாளராகவும், ‘அபேட்சகர்’ வேட்பாளராகவும் மாறியதில் தமிழியக்கங்கள் அனைத்திற்கும் பங்குண்டு. தினத்தந்தியின் தனித்தன்மை, இம்மாற்றங்களை எழுத்தறிவின் விளிம்பில் நின்ற மக்களை நோக்கிச் செலுத்தியதாகும்.

உரக்கப் படிக்கும் தொடரமைப்பு

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றோர் 18.33 விழுக்காட்டினரே. இந்நிலையில் ஒரு நாளிதழ் வெகுமக்கள் இதழாவது கண்களை மட்டும் நம்பி நடவாது. தேநீர்க் கடை, முடிதிருத்தகம், பீடி சுற்றும் இடம், சாவடித் திண்ணை ஆகிய இடங்களில் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக இருந்தது. புராணப் படிப்பும் பெரிய எழுத்துக் கதைப்பாடல் வாசிப்பும் பழகிய சமூகத்திற்கு இது புதிதன்று. பழைய கேட்டல் மரபில் புதிய பொருள் புகுந்தது.

பெனடிக்ட் ஆண்டர்சன் 1983-இல் வெளியிட்ட நூலில் நாளிதழ் வாசிப்பை, தனித்தனியே அமைதியாகப் படிக்கும் பலர் தம்மை ஒரே சமூகமாகக் கற்பனை செய்துகொள்ளும் சடங்காக விளக்கினார். தேநீர்க் கடை வாசிப்பு இதனினும் வேறானது. அங்கே சமூகம் கற்பனையில் மட்டும் இல்லை. எதிர்ப்பலகையிலேயே அமர்ந்து மறுத்துப் பேசுகிறது.

இக்கேட்டல் சூழலுக்கு ஏற்பத் தமிழ் நாளிதழ்கள் வளர்த்துக்கொண்ட தொடரமைப்புகளுள் ஒன்று ‘கூறியதாவது:-’ என்பதாகும். தமிழ், வினைமுற்றை இறுதியில் பெறும் மொழி. ஒருவரின் நீண்ட பேச்சை ‘என்று கூறினார்’ என முடித்தால், கூறியவர் யார், இது கூற்றா நிகழ்வா என்பதைக் கேட்போர் இறுதிவரை மனத்தில் தாங்கவேண்டும். படிப்பவர் கண்ணைப் பின்னோக்கி நகர்த்தலாம். கேட்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. ‘அமைச்சர் கூறியதாவது:-’ எனத் தொடங்கினால் கூற்றின் எல்லை முன்னரே தெளிவாகும். அதன்பின் சிறு சிறு தொடர்கள் நேர்கூற்றாக வரும். ‘இவ்வாறு அவர் கூறினார்’ என்னும் முடிப்பு எல்லையை மூடும். பார்வைக்குக் கூறியது கூறலாகத் தோன்றும் இம்முடிப்பு செவிக்கு இன்றியமையாதது. தினத்தந்தி இதனைப் படைத்தது என்பதற்கில்லை. ஆனால் அதன் பக்கங்களில் இவ்வமைப்பு ஒழுங்கு பெற்று நிலைத்தது.

செய்தியின் இடையே வரும் ஓரிரு சொற்களாலான இடைத்தலைப்புகளும் (‘கைது’, ‘விசாரணை’, ‘சோகம்’) இத்தகையனவே. அவை படிப்பவர்க்கு மூச்சுவிடும் இடங்கள். கேட்பவர்க்குக் கதையின் திருப்பங்கள். இரட்டைக்கிளவியும் ஒலிக்குறிப்புச் சொற்களும் செய்திக்குள் நுழைந்ததும் இக்காரணத்தாலேயே. 1960-இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ படக்கதை, எழுத்துக்கூட்டிப் படிப்போர்க்கும் நாள்தோறும் இதழைத் தேட ஒரு காரணத்தைத் தந்தது. முந்தைய நாள் கதையை அறிந்தவரே அடுத்த நாள் கட்டத்தை விளக்க முடியும் என்பதால், அதுவும் கூட்டு வாசிப்பின் நீட்சியே ஆயிற்று.

விகுதியில் தெரியும் எல்லை

மக்களை வாசகராக்கிய இந்நடை, செய்தியின் பொருளாக வந்த மக்களை எவ்வாறு நடத்தியது என்பதும் ஆராயத்தக்கது. தமிழ் வினைமுற்று பால் காட்டும், மதிப்பும் காட்டும். ‘கூறினார்’ என்பதற்கும் ‘கூறினான்’ என்பதற்கும் இடையே சமூகத்தின் படிநிலை முழுவதும் உள்ளது. குற்றச் செய்திகளில் குற்றம் சாட்டப்பட்டவரை, வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே ‘ஆன்’, ‘ஆள்’ விகுதிகளால் சுட்டுதல் தமிழ் நாளிதழ்களில் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. நீதிமன்றம் தீர்ப்பளிக்குமுன் விகுதி தீர்ப்பளித்துவிடுகிறது. ‘கள்ளக்காதல்’ போன்ற சொற்களும் நிகழ்வைக் கூறுவதோடு அமையாமல் அதன்மேல் அறத்தீர்ப்பும் ஏற்றுகின்றன. அச்சுமை பெரும்பாலும் பெண்மீதே இறங்குகிறது.

நன்னூலார் கூறும் தகுதி வழக்கான இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகியவை அவையறிந்து சொல்லும் ஒழுக்கத்தைச் சார்ந்தவை. நாளிதழின் அவை எது என்பதே இங்கு எழும் வினா. செய்தியில் இடம்பெறும் எளியவரும் அதே செய்தியைத் தேநீர்க் கடையில் கேட்கும் அவையினர் ஆவர். தம்மைப் போன்ற ஒருவர் ‘ஆன்’ விகுதியில் அழைக்கப்படுவதை அவர் தம் காதாலேயே கேட்டார். பரபரப்பு நடை என்னும் பொதுக் குற்றச்சாட்டைவிட இவ்விகுதிச் சிக்கல் கூர்மையானது. இலக்கணம் கற்றோரே இதனை எடுத்துக்காட்ட இயலும். இன்றைய நாளிதழ்களில் ‘ஆர்’ விகுதி பரவலாகி வருவது, மொழிவழி நிகழும் ஒரு சமூக மாற்றமாகத் தனி ஆய்வுக்குரியது.

முடிவுரை

மதுரையில் தொடங்கிய இதழ் 2017-இல் பவள விழாக் கண்டபோது, தமிழகத்திலும் பெங்களூரு, மும்பை, துபாய் ஆகிய இடங்களிலும் பதிப்புகளைக் கொண்டிருந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடாயிற்று. இதற்கிடையே 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டது. சேவை மறைந்தபின்னும் அச்சொல் ஒரு நாளிதழின் பெயராக வழங்குகிறது. இளந்தலைமுறைக்குத் ‘தந்தி’ என்றால் செய்தித்தாளே முதலில் நினைவுக்கு வரும்.

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் மூன்று. ஒன்று: தினத்தந்தியின் நடையைப் ‘பேச்சுத் தமிழ்’ எனல் பொருந்தாது, எழுத்து வழக்கின் உருபனியலையும் பேச்சின் சொற்றெரிவையும் உரக்கப் படிப்பதற்குரிய தொடரமைப்பையும் இணைத்த செய்தித் தமிழ் அது. இரண்டு: அந்நடை தனியொருவரின் கொள்கையால் மட்டும் உருவானதன்று, தாள் பஞ்சம், போர்ச்செய்தி வேட்கை, போக்குவரத்து, கூட்டு வாசிப்பு ஆகியவற்றின் கூட்டு விளைவு. மூன்று: அது புதிய வாசகரை உருவாக்கிய அதே வேளையில், பழைய படிநிலையை விகுதியில் சுமந்தே வந்தது.

இம்முடிவுகளைப் பழைய இதழ்களின் பரந்த தொகுப்பைக்கொண்டு சோதித்தல் வேண்டும். பத்தாண்டுக்கு ஒரு வாரம் என 1940-கள் முதல் இன்றுவரை இதழ்களைத் தெரிந்தெடுத்து, தொடர் நீளம், வடசொல் விழுக்காடு, விகுதி வேறுபாடு ஆகியவற்றை எண்ணிக் கணக்கிடல் இயலும். நாளிதழ்த் தாள் விரைவில் மஞ்சளித்து நொறுங்கும் இயல்புடையது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்கள் காத்துவைத்துள்ள இதழ்களோடு, ஊர்ப்புற நூலகங்களிலும் தனியார் இல்லங்களிலும் எஞ்சியுள்ளவற்றைத் திரட்டி மின்படியாக்கும் பணியில் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் முனைதல் வேண்டும். ஏட்டுச் சுவடியைத் தேடி ஊர் ஊராகச் சென்ற துறைக்கு, நேற்றைய நாளிதழைத் தேடுவதும் அதே மரபின் தொடர்ச்சியாகும்.